மண் ஒட்டிய இஞ்சியை ஒதுக்காதீர்கள்

மாத்தளைச் சந்தைக்குக் கூடையும் பையுமாக வரும் தோட்டத்து அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



போன சம்பள வாரம் நம் டவுன் சந்தையில் உங்களில் ஒருவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். இடுப்பில் இரண்டு வயசுப் பிள்ளை. பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண் இரண்டும் காய்ச்சலில் சிவந்திருந்தன. பைக்குள் கொத்தமல்லிப் பொட்டலம் தெரிந்தது. கழுவிப் பளபளவென்று தட்டில் அடுக்கியிருந்த இஞ்சியில் உள்ளங்கை அளவு பருத்த துண்டு ஒன்றை எடுத்து அவர் நிறுக்கக் கொடுத்தார். பக்கத்துச் சாக்கில் விரல் விரலாக, மண் அப்பிய நாட்டு இஞ்சி குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நூறு கிராமுக்கு மேலே போனதால் கடைக்காரர் ஒரு முனையை ஒடித்தார். ஒடித்த இடத்தை நான் பார்த்தேன். ஓரமெல்லாம் சாம்பல் நிறம். வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, அவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். அன்றைக்கு அவரைக் கூப்பிட்டு நிறுத்தாதது இன்னும் என் மனதை அரிக்கிறது. அவருக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்தவள். இருபத்திரண்டு வருசமாக வீட்டுக்காரரோடு மாத்தளையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். வாரம் தவறாமல் இஞ்சி வாங்குகிறேன். நல்லதும் வாங்கியிருக்கிறேன், ஏமாந்தும் வாங்கியிருக்கிறேன்.

இஞ்சி நமக்குச் சின்னச் செலவு இல்லை. 2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக ஆனது. அந்த வருசக் கடைசியில் ஒரு கிலோ இஞ்சியின் விலை அந்த ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டி நின்றது. அட்டைக்கடியும் மழையுமாக மலையில் நின்று கொழுந்து பறித்த ஒரு நாள் முழுவதும் ஒரு கிலோ இஞ்சிக்குப் போதவில்லை. விலை ஏறும், இறங்கும். ஆனால் கடை வைத்திருக்கும் நான் இரண்டு கிலோவில் கால் கிலோ அழுகிப் போனாலும் எப்படியோ சமாளித்துவிடுவேன். நூறு கிராம் வாங்கும் உங்களுக்கு அந்த ஒரே துண்டு சொத்தையாக இருந்தால் அந்த வாரத்து இஞ்சி மொத்தமும் போயிற்று. குறைவாக வாங்குகிறவர்தான் அதிகமாகப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

பார்த்து வாங்க நான் கற்றுக்கொண்டது ஒரு மாசி மகத்தில். முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் வீதிக்கு வரும் நாளில் வருகிறவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுக்கலாம் என்று எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். இஞ்சி வாங்கும் பொறுப்பு எனக்கு. கடைசி நேரத்தில் விலை ஏறிவிடும் என்று பயந்து, ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு கடையில் மூன்று கிலோ வாங்கினேன். அவ்வளவு அழகான இஞ்சி. தோல் மஞ்சளாக மின்னியது, ஒவ்வொன்றும் குழந்தையின் கை போலக் கொழுகொழுவென்று இருந்தது. கழுவி வைத்திருக்கிறார்கள், நமக்கு வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். பையைக் கட்டி மூலையில் வைத்துவிட்டேன். நாலாம் நாள் அந்த மூலையிலிருந்து புளித்த வாடை வந்தது. அவிழ்த்தால் கிளைக்குக் கிளை பிரியும் இடுக்கிலெல்லாம் சளி போல வழுவழுப்பு, வெண்பூஞ்சணம். கிட்டத்தட்ட ஒரு கிலோ குப்பைக்குப் போனது. அம்மனுக்கென்று பத்துப் பெண்கள் சேர்த்துக் கொடுத்த காசு அது. மிச்சத்தைத் தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்தபோதும் காரம் தொண்டைக்கு எட்டவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு விளங்கிக்கொண்டேன். இஞ்சியில் முக்கால் பங்குக்கு மேலே தண்ணீர்தான். நாலைந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால்தான் ஒரு கிலோ சுக்கு கிடைக்கும் என்பதிலிருந்தே இது தெரியும். அந்த ஈரத்தை உள்ளே பிடித்து வைத்து, வெளியீரத்தை அண்டவிடாமல் காப்பது அதன் மெல்லிய தோல். தண்ணீரில் போட்டு அலசும்போது, ஒன்றோடொன்று உரசி அந்தத் தோல் அங்கங்கே உரிகிறது. இடுக்குகளில் தண்ணீர் தேங்குகிறது. வெயிலில் நன்றாக உலர்த்திவிட்டால் பழுதில்லை. சந்தைக்கு அவசரமாக ஏற்றும் சரக்கை யார் உலர்த்துகிறார்கள்? ஈரத்தோடு நிறுத்தால் எடையும் கூடத்தான் செய்யும்.

அதனால் மண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கிண்டி எடுத்துத் தட்டி, நிழலில் ஆறவிட்டு வந்த கிழங்கில் கொஞ்சம் மண் இருக்கத்தான் செய்யும். அது உலர்ந்த மண்ணாக இருக்க வேண்டும். கையில் எடுத்து லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். களிமண் ஈரமாக அப்பிக் கிடந்தால் அதுவும் வேண்டாம். மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதோடு, அடியில் அழுகல் இருந்தால் அதை அந்தக் களிமண் மறைத்துவிடும். கடைக்காரரிடம் கேட்டு ஒரு பழந்துணியால் துடைத்துப் பாருங்கள். நல்ல இஞ்சி வைத்திருப்பவர் மறுக்கமாட்டார்.

என் அம்மாயி இஞ்சியைக் கண்ணால் வாங்கமாட்டார். பெருவிரலால்தான் வாங்குவார். கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய அந்த விரலைக் கிழங்கின் நடுவிலும், கிளை பிரியும் கணுவிலும், வெட்டுமுனையிலும் வைத்து அழுத்துவார். எங்கேயாவது ஓரிடம் மெத்தென்று அமுங்கினால் கீழே வைத்துவிடுவார். அழுகல் நடுவில் தொடங்குவது அபூர்வம், கணுவிலும் காயத்திலும்தான் தொடங்கும் என்பதை அந்த விரல் அறிந்திருந்தது. பிறகு உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். பார்க்கிற அளவுக்குக் கனம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்தும் கனமில்லாத கிழங்கு உள்ளே வற்றிப்போனது. தோல் சுருங்கியிருக்கும், ஆனால் எப்போதும் வெளியே தெரியும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் தெளித்து வைத்தால் சுருக்கம் கொஞ்ச நேரம் மறையும். கனத்தை மறைக்க முடியாது.

அடுத்தது நகம். தோலின் ஓரத்தில் நகத்தால் சின்னதாக ஒரு கீறு கீறினால் போதும். நல்ல கிழங்கில் உடனே நீர் கசியும், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகுமுன்பே எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு வாசமும் பின்னாலேயே காரமும் வரும். வாசமே வராவிட்டால் அது கிடப்பில் கிடந்தது. பழைய சாக்கு வாடை, சேற்று வாடை, புளிப்பு எது வந்தாலும் அந்தக் குவியலையே விட்டுவிடுங்கள். ஒரு கிழங்கில் பிடித்த அழுகல் பக்கத்துக் கிழங்குக்குப் பரவாமல் இருக்காது.

ஒடித்தும் பார்க்கலாம். ஆனால் இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாங்கப்போகிற துண்டை மட்டும் ஒடியுங்கள். ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று ஒடித்துப் பார்த்து எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒடிந்த ஒவ்வொரு முனையும் திறந்த காயம். அடுத்த நாள் அது கறுக்கும், அதற்கடுத்த நாள் பூஞ்சணம் பிடிக்கும். சாக்கில் வைத்து விற்கிறவரும் நம்மைப் போல நாள்கூலியில் வயிறு வளர்க்கிறவர்தான். ஏற்கெனவே ஒடிந்திருக்கும் முனையைப் பார்த்தாலே போதுமான செய்தி கிடைக்கும். அந்தக் காயம் காய்ந்து, தக்கை போலத் தோல் கட்டியிருந்தால் கிழங்கு ஆரோக்கியமாக இருக்கிறது. ஈரமாகவோ கறுத்தோ பிசுபிசுத்தோ இருந்தால் வேண்டாம். சில கிழங்குகளை ஒடித்தால் உள்ளே இளநீல வளையம் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து வீசியவர்களை அறிவேன். கிழங்கு கெட்டியாகவும் வாசம் சரியாகவும் இருந்தால் அந்த நீலம் சில இஞ்சியின் பிறவி நிறம், சமைக்கலாம். சாம்பலும் பழுப்பும்தான் கெட்டதின் அடையாளம்.

இனி, எந்த இஞ்சி என்ற விசயம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் நம் மாத்தளையிலேயே இருக்கிறது. அந்தத் திணைக்களம் நம் நாட்டில் பயிரிடும் இஞ்சியை உள்ளூர் இஞ்சி, சீன இஞ்சி, ரங்கூன் இஞ்சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. உள்ளூர் இஞ்சியின் விரல்கள் சிறியவை, நெருக்கமானவை. சதை வெண்மையாக, நாரோடு இருக்கும், காரமும் வாசமும் அதிகம். சீன இஞ்சி பெரிதாகக் கொழுத்து வளரும், சதை இளமஞ்சளாக நீர்ப்பற்றோடு இருக்கும், காரம் குறைவு. ரங்கூன் இஞ்சியும் உள்ளூர் இஞ்சியைவிடப் பருமன்தான். சீன இஞ்சி என்றதும் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது, அந்த இனத்தை நம்மூர்த் தோட்டங்களிலும் நடுகிறார்கள். கப்பலில் வந்ததும் உண்டு.

பெரியது கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. இஞ்சிச் சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் இஞ்சி தோசிக்கும் நார் குறைந்த பெரிய இஞ்சி நன்றாக அமையும். தோல் சீவுவதும் சுலபம். ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொத்தமல்லி அவிக்க, இறைச்சிக் கறிக்கு அரைக்க, பிளேன்டீயில் தட்டிப் போட ஒரு துண்டு வேண்டுமென்றால் அந்த மண் ஒட்டிய சின்ன விரலைத்தான் எடுக்கச் சொல்வேன். பெரியதில் மூன்று துண்டு போடும் இடத்தில் இதில் ஒன்று போதும். கிலோ விலையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கறிச் சட்டிக்குக் கணக்குப் பார்த்தால் உள்ளூர் இஞ்சிதான் மலிவு. சீவ நேரம் எடுக்கிறது, இடுக்கில் மண் இருக்கிறது என்பதற்காக அதை நாம் ஒதுக்கினால், அதை நடுகிறவர்களும் மெல்ல மெல்ல நிறுத்திவிடுவார்கள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கமும் நமக்கு வேண்டும். 2013 மே மாசம் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்து வெய்ஃபாங் பகுதியில் இஞ்சி வயல்களில் அல்டிகார்ப் என்ற கடும் நஞ்சை இடுவதை அந்த நாட்டுத் தொலைக்காட்சியே வெளியே கொண்டுவந்தது. ஏற்றுமதிக்குப் போகும் இஞ்சி சோதனைக்கு உள்ளாகும் என்பதால் அதற்கு அந்த மருந்தைப் போடாமல், உள்ளூர்ச் சனம் தின்னும் இஞ்சிக்குப் போட்டிருந்தார்கள். கேள்வி கேட்கிறவனுக்கு ஒரு இஞ்சி, கேட்காதவனுக்கு ஒரு இஞ்சி. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் வெட்கப்படாமல் கேட்கிறேன்: இது யாருடைய இஞ்சி, எப்போது கிண்டியது, தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்ததா, இந்தப் பக்கத்துத் தோட்டத்ததா? தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நம் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. நாட்டின் நாலா பக்கத்து மரக்கறியும் அங்கே வந்து பிரிகிறது. அங்கிருந்து வந்ததென்றால் குறை ஒன்றுமில்லை, ஆனால் கிண்டி எத்தனை நாள் ஆனது என்பது கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. அப்போது பெருவிரலும் நகமும் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

நான் வழமையாக வாங்குவது ஒரு சிங்களப் பாட்டியிடம். ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன், என்னை அவர் துவ என்பார், மகள் என்று அர்த்தம். வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடிக்கும் பாக்கு மரத்துக்கும் இடையில் நட்டதைக் கிண்டி, சாக்கில் கட்டி எடுத்து வருகிறார். எனக்குச் சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். நான் இஞ்சி என்பேன், அவர் இங்குரு என்பார். இஞ்சியின் பெயரில் இன்னொன்றும் உண்டு. அலுவிகாரை நம் டவுனிலிருந்து கொஞ்சத் தூரம்தானே, அங்கேதான் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பிக்குமார் புத்தரின் போதனைகளை முதன்முதலாக ஏட்டில் எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பாளி நூல்களில், பிக்குமார் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த கிழங்கு வகைகளில் மஞ்சளுக்கு அடுத்ததாக சிங்கிவேர என்று ஒரு பெயர் வருகிறது. அது இஞ்சிதான். அந்தப் பெயருக்குள் நம் இஞ்சிவேர் இருப்பதாக மொழியறிந்தவர்கள் சொல்கிறார்கள். இதை ஒருநாள் ஆச்சியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, எடை போட்டு முடித்த பிறகும் ஒரு விரல் இஞ்சியை என் பையில் போட்டார்.

பருவத்தையும் கவனியுங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பெய்யும் மழையில் இஞ்சி நடுவார்கள். ஐந்தாறு மாசத்தில் கிண்டினால் இளம் இஞ்சி. தோல் நகம் பட்டாலே உரியும், குருத்து நுனியில் இளஞ்சிவப்பு இருக்கும், நார் இருக்காது. சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் அது அமிர்தம், ஆனால் கொத்தமல்லிக்கு அதில் வலு இல்லை, நாலைந்து நாளுக்கு மேல் தாங்கவும் தாங்காது. எட்டு மாசத்துக்கு மேலே இலை பழுத்துத் தண்டு சாயும்போது கிண்டுவதுதான் முற்றிய இஞ்சி. மார்கழி, தை, மாசி மாசங்களில் சந்தைக்கு வருவது பெரும்பாலும் அதுதான். அப்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கலாம். அதற்குப் பிறகு வைகாசி, ஆனியில் கிடைப்பது முந்தின அறுவடையில் எடுத்து வைத்த கிழங்கு. அந்த மாசங்களில் முளை எட்டிப்பார்க்கும் இஞ்சியும் வரும். உருளைக்கிழங்கு முளைத்தால் நஞ்சு என்கிறோமே, இஞ்சிக்கு அந்தப் பயம் இல்லை. சத்து முளைக்குப் போய்க் கிழங்கு வற்றியிருக்கும், அவ்வளவுதான்.

கொத்தமல்லிக்கு வருகிறேன், எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான பொருளை இஞ்செரோல் என்கிறார்கள். காயவைத்தால் அது ஷோகோல் என்று மாறிக் காரம் கூடும், சுக்கு அப்படித் தொண்டையைப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான். நெடுநேரம் கொதித்தால் காரம் மெலிந்து இனிப்பான வாசமாகும். அதனால் கொத்தமல்லியை வறுத்துத் தண்ணீரில் நன்றாக அவித்து, தண்ணீர் வற்றும் கடைசி ஐந்து பத்து நிமிசத்தில் தட்டிய இஞ்சியைப் போடுங்கள். தோலைச் சீவும்போது கத்தியால் தடிப்பாகச் சீவ வேண்டாம். வாசத்தைத் தரும் எண்ணெய் தோலுக்கு அடியிலேயே அதிகம் இருக்கிறது. கரண்டி ஓரத்தால் சுரண்டினால் போதும். பால் தேத்தண்ணியில் போடுவதென்றால் தண்ணீரில் இஞ்சியைக் கொதிக்கவிட்ட பிறகு பாலை ஊற்றுங்கள். பச்சை இஞ்சிச் சாற்றில் புரதத்தை அறுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. இறைச்சியை மிருதுவாக்குவதும் அதுதான், பாலைத் திரியவைப்பதும் அதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எவ்வளவு நல்ல இஞ்சியானாலும் அது ஆஸ்பத்திரிக்குப் பதில் ஆகாது. டெங்கு நடமாடும் நாட்டில் இருக்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், சோர்ந்து படுத்தால், கொத்தமல்லி கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். தூக்கிக்கொண்டு போங்கள், இரத்தம் பார்க்கட்டும்.

சுக்கு வாங்குவதென்றால் முழுதாக வாங்குங்கள். வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்பில் புரட்டியதாக இருக்கலாம். பழுப்பாக, கனமாக, துளை இல்லாமல் இருக்க வேண்டும், ஒடித்தால் மாவு போல வெட்டுமுகம் தெரிய வேண்டும். தூளாக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2020இல் மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மாவு கலந்த மஞ்சள் தூள் எப்படியெல்லாம் கடைகளில் ஓடியது என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் வாங்குவதில் பாதி. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைப்பதுதான் இஞ்சிக்கு நாம் செய்யும் பெரிய கொடுமை. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறவர்கள் உலர்ந்த கடதாசியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள், அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். இஞ்சி வெப்பநாட்டுக் கிழங்கு, நெடுநாள் கடுங்குளிரைத் தாங்காமல் உள்ளே நைந்துபோகும். பெட்டி இல்லாத வீட்டுக்கு அம்மாயியின் வழி இருக்கிறது. உடைந்த மண்சட்டியில் காய்ந்த ஆற்றுமணலைக் கொட்டி, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் புதைத்து, அடுப்படி மூலையில் வைப்பார். வேண்டும்போது ஒரு விரலைப் பிடுங்குவார். மாசக் கணக்கில் இருக்கும். எங்கள் லயத்து வீட்டில் ஒரு தடவைகூட இஞ்சி பூத்து நான் பார்த்ததில்லை.

வாங்குவதோடு நிற்காமல் ஒரு துண்டை நட்டும் பாருங்கள். லயத்தில் காணி ஏது, நட இடம் ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கால்நடையாகக் கடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியெங்கும் ஆட்களைப் பறிகொடுத்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மலையே மணக்கிற ஊரில் மிளகும் ஏலமும் கொக்கோவும் விளைய உழைத்தும், ஒரு இஞ்சிக் கிழங்கு ஊன்றக் கையகல மண் சொந்தமில்லாமல் போனது ஆறாத காயம். அந்தக் காணி உரிமைக்கான குரலை நாம் விடக் கூடாது. அது கிடைக்கும்வரை ஒரு வெற்று உரப்பை போதும். பாதிவரைக்கும் மண், மணல், காய்ந்த சாணி கலந்து நிரப்பி, அடியில் நாலு துளை போட்டு, இரண்டு முளைக்கண் உள்ள ஒரு துண்டை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் அடி அழுகும். பாதி நிழல் போதும், அது லயத்து வாசலில் தாராளமாக இருக்கிறது.

விதைக்கு எடுக்கும் துண்டு கடையில் மிஞ்சிய வாடலாக இருக்கக் கூடாது. தைப் பொங்கலுக்குப் பானையில் கட்ட இலையோடு இஞ்சிக்கொத்து வாங்குவோமே, அப்போதே பார்த்து வாங்குங்கள். தண்டின் அடி வழுவழுக்காமல், கிழங்கு முழுசாக, மண்ணோடு இருக்கும் கொத்தாக எடுங்கள். பொங்கல் முடிந்ததும் கொத்தைக் குப்பையில் போடாமல் தண்டை வெட்டிவிட்டுக் கிழங்கை மணல் சட்டியில் வையுங்கள். பங்குனியில் கண் விழிக்கும். என் கடைக்குப் பின்னால் மூன்று உரப்பைகள் இருக்கின்றன, மூன்றிலும் அப்படி வந்ததுதான். இந்தத் தடவை விதைக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சந்தையில் என்னைக் கண்டால் கேளுங்கள், ஆளுக்கொரு துண்டு தருவேன். அந்தப் பிள்ளைக்காரத் தங்கச்சிக்கு இரண்டு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாத்தளையிலிருந்து
உங்கள் அக்கா